எல்க் இறைச்சி எவ்வளவு அவிச்சாலும் ரப்பர் மாதிரி இருக்கு, என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் நோர்வேயில இருக்கிறார், கூட வேலை செய்யிற ஒருத்தர் வேட்டையில கிடைச்ச எல்க் எண்ட பெரிய மானின்ர முன்னங்கால் இறைச்சி ரெண்டு கிலோ குடுத்திருக்கிறார், ஆட்டிறைச்சிக்கு வைக்கிற மாதிரி ஒன்றரை மணித்தியாலம் அவிச்சும் கடிக்கேலாமல் கிடந்ததாம். எனக்கும் இதேதான் நடந்தது. இங்க வந்து ரெண்டாம் வருசம், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பை நிறையத் தந்தார், மகளின்ர பிறந்தநாளுக்குச் சமைச்சன், சின்னச் சின்னத் துண்டா வெட்டி, நெருப்பைக் கூட்டி, நல்லாப் பிரட்டி ஒரு மணித்தியாலம். ஒருத்தராலயும் சாப்பிடேலாமல் போச்சு, முழுக்கக் குப்பையிலதான் போட்டது. அதை நினைச்சால் இண்டைக்கும் மனம் நோகும், ஏனெண்டால் அது காட்டில திரிஞ்ச ஒரு உயிர், அந்த மனுசன் தன்ர பங்கில இருந்து எடுத்துத் தந்தது.

பங்கு எண்டு சும்மா சொல்லேல்ல. எங்கட ஊர்ப் பங்கிறைச்சி மாதிரியேதான் இங்கயும், ஒரு குழுவாப் போய் வேட்டையாடி, பிறகு எல்லாருமாச் சேர்ந்து வெட்டிக் குவியல் குவியலாப் பிரிப்பினம். கனக்க இடங்களில செப்டெம்பர் 25 இல எல்க் வேட்டை தொடங்கும், அதுக்குப் பிறகு ஒக்ரோபர் முழுக்க ஆரைப் பார்த்தாலும் பிறீசரில இடமில்லை எண்டுதான் சொல்லுவினம். அப்ப எங்களுக்கு வாறது பெரும்பாலும் கழுத்து, தோள், கெண்டைக்கால். நல்ல மெதுவான முதுகுத்தண்டு இறைச்சியை ஆரும் குடுக்க மாட்டினம். ஆனா கறிக்கு எனக்கு இப்ப அந்தக் கால்தான் வேணும், முதுகு இறைச்சி தந்தாலும் கறிக்கு எடுக்க மாட்டன்.

முதல்ல ஒரு விசயம் விளங்கவேணும். இறைச்சி "வைரமா" இருக்கு எண்டு நாங்கள் சொல்லுறதில ரெண்டு வேற வேற கோளாறு இருக்கு. ஒண்டு, சதைக்கிடையில ஓடுற சவ்வும் நாரும் இன்னும் கரையாமல் இருக்கிறது. மற்றது, சதை தண்ணியை விட்டுக் காய்ஞ்சுபோறது. கடையில வாங்கிற ஆடு இளசு, கொழுப்பும் இருக்கு, அதால ரெண்டும் பெரிசாத் தெரியாது. எல்க் அப்பிடியில்லை, வாழ்நாள் முழுக்கப் பனியிலயும் சேத்திலயும் நடந்த கால், வயசு கூடக் கூட அந்தச் சவ்வு இன்னும் இறுகும், சதைக்குள்ள கொழுப்பெண்டு சொல்ல ஒண்டுமில்லை. 60, 65 டிகிரி தாண்டினவுடன சதை சுருங்கித் தண்ணியைப் பிழிஞ்சு விட்டிடும். ஆனா சவ்வு கரையத் தொடங்கிறதே 70 டிகிரிக்கு மேல, அதுவும் மணித்தியாலக் கணக்கில. நீங்கள் ஒன்றரை மணித்தியாலத்தில அடுப்பை நிப்பாட்டின நேரம் சதை காய்ஞ்சிட்டுது, சவ்வு இன்னும் கரையேல்ல, ரெண்டு பக்கத்தாலயும் நட்டம். கூட அவிஞ்சதால வந்த பிழை இல்லை இது, பாதியில நிப்பாட்டினதால வந்தது. சவ்வு கரைஞ்சால் அது கூழ் மாதிரி வந்து காய்ஞ்ச நாரெல்லாத்தையும் நனைக்கும், அப்பதான் வாயில மெத்தெண்டு இருக்கும்.

இறைச்சி தந்தவரிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ, எத்தினை நாள் தொங்கவிட்டது எண்டு. இங்கத்தை வேட்டைக்காரருக்கு ஒரு கணக்கு இருக்கு, ஒவ்வொரு நாளும் இருந்த சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டு போய் 40 வரும்வரை தோலோட தொங்கவிடுவினம். 4 டிகிரி எண்டால் 10 நாள், 8 டிகிரி எண்டால் 5 நாள். அந்த நாளுகளில இறைச்சி தானாவே கொஞ்சம் இளகும். அவசரத்தில ரெண்டு நாளில வெட்டிப் பிறீசரில போட்டது எண்டால் அடுப்பில இன்னும் ஒரு மணித்தியாலம் கூட வையுங்கோ.

உறைஞ்சதைக் குழாய்த் தண்ணியில போட்டு இளக்காதேங்கோ, ரெண்டு கிலோக் கட்டி எண்டால் பிறிஜ்ஜிலயே ரெண்டு நாள் விடவேணும். பிறகு வெள்ளையா மினுங்கிற மேல்தோல் இருக்கும் பாருங்கோ, கூரான கத்தியை அதுக்குக் கீழால விட்டு, ஒரு கையால தோலை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு கத்தியைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சரிச்சு ஓட்டினால் நாடா மாதிரி வரும். அது என்ன செய்தாலும் கரையாது. ஆனா சதைக்குள்ள ஓடுற நாரை விடுங்கோ, அதுதான் கரைஞ்சு குழம்பைத் தடிப்பாக்கும். கொழுப்பு இருந்தால் முழுக்க வெட்டி எடுங்கோ, மான் இனத்துக் கொழுப்பு ஆறினவுடன மெழுகு மாதிரி அண்ணத்தில ஒட்டும், மொச்சை மணமும் கூடுதலா அதிலதான். குண்டு பட்ட இடம் வந்திருந்தால் கவனம், ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் தூரம் போயிருக்கும். ரத்தம் கட்டின இடத்துக்கு அப்பாலும் 10 சென்ரிமீற்றர் வெட்டி எறியச் சொல்லித்தான் இங்க சொல்லிக் குடுக்கிறது. சின்னப் பிள்ளையளும் பிள்ளைத்தாச்சியும் சாப்பிடுற வீடெண்டால் இதில லோபம் பாக்கவே கூடாது.

ஊறவைக்கிறதைப் பற்றி ஆளாளுக்கு ஒண்டு சொல்லுவினம், வினாகிரி, தயிர், வைன், பப்பாக்காய். என்ர அனுபவத்தில புளிப்பு ஒண்டும் உள்ளுக்குப் போறதில்லை, மேல ஒரு சில மில்லிமீற்றர்தான், கன நேரம் விட்டால் மேற்பக்கம் மா மாதிரி ஆகும், உள்ள அப்பிடியே கல்லு. பப்பாக்காய் வேலை செய்யும், நாங்கள் ஊரில கிடாய்க்குப் போடுறதுதானே, ஆனா அதுவும் மேலோட்டம்தான். உப்புத்தான் உண்மையில உள்ளுக்குப் போறது. கிலோவுக்கு ரெண்டு தேக்கரண்டி உப்புப் பூசி முதல்நாள் இரவே பிறிஜ்ஜில மூடாமல் வையுங்கோ, அது காணும்.

இனிச் சமையல். துண்டு பெரிசா இருக்கவேணும், ஆட்டுக்கு வெட்டுற அளவில ரெண்டு மடங்கு, ஒரு 5 சென்ரிமீற்றர். பாரமான இரும்புச் சட்டியில எண்ணெய் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு வறுத்தெடுங்கோ, எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டினால் தண்ணி விட்டு அவியும், நிறம் வராது. அதே சட்டியில வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, கறுவா, பிறகு எங்கட யாழ்ப்பாணத்துத் தூள். இறைச்சியைத் திருப்பிப் போட்டு, முக்கால்வாசி மூடுற அளவுக்குச் சுடுதண்ணி விட்டு, இறுக்கமா மூடி அவணில 130 டிகிரியில வையுங்கோ. மூடியைத் திறந்து பார்த்தால் அங்கொண்டு இங்கொண்டாக் குமிழி வரவேணும், தளதளவெண்டு கொதிக்கக் கூடாது, கொதிச்சால் நார் நாராப் பிரிஞ்சு வைக்கோல் மாதிரிப் போகும். ரெண்டரை மணித்தியாலத்தில ஒருக்கா எடுத்துக் கடிச்சுப் பார்ப்பியள், இன்னும் வைரமா இருக்கும், அந்த இடத்திலதான் கனபேர் மனம் விட்டுப்போறது, நானும் அப்பிடித்தான். மூடி வைச்சிட்டுப் போங்கோ. மூண்டரை, நாலு மணித்தியாலத்தில முள்ளுக்கரண்டியைக் குத்தி ஒரு திருப்புத் திருப்பினால் துண்டு தானாப் பிளக்கும். குத்தினால் இறங்குது எண்டு மட்டும் பார்த்து எடுக்காதேங்கோ, திருப்பவேணும். கடைசி இருபது நிமிசத்தில தேங்காய்ப்பால் ரின் ஒண்டு, இறைச்சிச்சரக்கு ஒரு கரண்டி, இறக்கினாப் பிறகு தேசிக்காய்ப்புளி. பாலை முதலே விட்டால் திரைஞ்சுபோகும், எல்க்கில இல்லாத கொழுப்பையும் அந்தப் பால்தான் குடுக்கிறது. அண்டைக்கே சாப்பிடாதேங்கோ, ஒரு இரவு விட்டு அடுத்தநாள் பிட்டோட சாப்பிட்டுப் பாருங்கோ.

நேரமில்லாதவைக்கு பிறஷர் குக்கர் இருக்கு, விசில் எண்ணாமல் நேரத்தைப் பாருங்கோ, பிறஷர் வந்ததுக்குப் பிறகு 50 நிமிசம், கிழட்டு எல்க் எண்டால் ஒரு மணித்தியாலம். காற்றை உடன திறந்து விடாதேங்கோ, தானா இறங்கட்டும், இல்லாட்டி உள்ளுக்க இருக்கிற சாறெல்லாம் ஒரேயடியாக் கொதிச்சு வெளியில வந்திடும்.

பொறுமையாச் சமைக்கிறதை எனக்குக் காட்டித் தந்தது அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான். அவ தூளெல்லாம் போடுறதில்லை, சூரைச்செடி மாதிரி முள்ளுள்ள யூனிப்பர் எண்டொரு செடியின்ர கறுத்தப் பழம் ஆறேழை நசுக்கிப் போடுவா, கடைசியில பாலாடை கலந்து, மண்ணிற நோர்வேச் சீஸ் ரெண்டு துண்டைச் சீவிப் போட்டுக் கரைப்பா, இனிப்பும் உப்புமா வரும். அதையும் ஒருக்காச் செய்து பாருங்கோ, பிள்ளையளுக்கு நல்லாப் பிடிக்கும்.

ஊரில இருந்து வாசிக்கிறவைக்கு ஒண்டு. வன்னியில எங்கட அம்மப்பா காலத்தில மரை வத்தலை அடுப்புக்கு மேல கட்டிப் புகையில காயவைச்சு, ஊறப்போட்டு ஆறுதலா அவிப்பினமாம், விசயம் இதேதான். ஆனா இலங்கையில மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட மிருகங்கள், இந்தியாவிலயும் 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆரும் கொண்டுவந்து தந்தாலும் வாங்காதேங்கோ. இந்தச் சமையலை அங்க கிழட்டுக் கிடாய்க்கோ மாட்டுக் காலுக்கோ செய்யுங்கோ, அப்பிடியே சரிவரும்.

வெட்டேக்க மிஞ்சிற சவ்வும் சதையுமான சின்னத் துண்டுகளை எறியவேண்டாம். அரைக்கிற மெசினில ரெண்டு தரம் விட்டு எடுங்கோ, அரைச்சால் நார் குட்டையாப் போகும், பிறகு அவிக்கிற பிரச்சினையே இல்லை. கிலோவுக்கு 150 கிராம் மாட்டுக் கொழுப்பையும் சேர்த்து அரைச்சு, உருளைக்கிழங்கோட பிரட்டி ரோல்ஸ் செய்யுங்கோ. போன வருசம் மகளின்ர பிறந்தநாளுக்கு அதைத்தான் செய்தனான், இறைச்சி தந்த மனுசன் நிண்டபடியே ஆறு ரோல்ஸ் சாப்பிட்டார்.