ரிட்டயர்டான வீட்டுக்காரரும் அயர்ன் மெய்டனும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, என் வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனார். திருச்சி ஆர்.இ.சி. ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே அயர்ன் மெய்டன் என்கிற இங்கிலாந்து ராக் குழு என்றால் அவருக்கு உயிர். 2007இல் அவர்கள் பெங்களூர் வந்தபோது டிக்கெட் வாங்கியும், மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்ததால் போக முடியவில்லை. இப்போது பணம் கைக்கு வந்ததும், ஜூன், ஜூலையில் ஐரோப்பா போய் எட்டு ஊரில் அவர்கள் கச்சேரியை வரிசையாகப் பார்க்கப் போகிறேன் என்கிறார். சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. குறுவை நடவு நேரத்தில் ஒன்றரை ஏக்கரை யார் பார்ப்பது? வீட்டில் தினமும் ஓடுகிற அதே பாட்டைக் கேட்க விமானம் ஏற வேண்டுமா? தெருவில் சிரிக்கிறார்கள். நான் வருஷம் தவறாமல் தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு போவதோடு சரி, வேறு எந்த ஊரும் பார்த்ததில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மகள் கல்யாணம் முடிந்துவிட்டது, கடன் இல்லை. தடுக்கட்டுமா, விடட்டுமா?
பெயர் வேண்டாம், கும்பகோணம் பக்கம்.

பதில்: தடுக்காதீர்கள். ஆனால் எட்டு ஊர் வேண்டாம், மூன்று போதும் என்று சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் நாலைந்து சண்டை ஒன்றாகச் சிக்கிக் கிடக்கிறது, அதைப் பிரித்தால்தான் எது நியாயமான சண்டை, எது சும்மா வந்த கோபம் என்று உங்களுக்கே தெரியும், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

தெருவில் சிரிப்பது சும்மா. அதை இங்கேயே விட்டுவிடலாம்.

அதே பாட்டைக் கேட்கவா என்று கேட்கிறீர்கள். சரி, ஆராதனை நாளான பகுள பஞ்சமி அன்று காலையில் திருவையாற்றில் என்ன பாடுகிறார்கள்? நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகள். போன வருஷமும் அதே ஐந்து, அதே வரிசை, வருகிற வருஷமும் அதுதான். யாராவது எழுந்து, புதிதாக ஏதாவது பாடுங்கள் என்று கேட்டிருக்கிறார்களா? கூட்டத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, புத்தகம் பார்க்காமல் கூடவே பாடுகிறவர்களில் நீங்களும் ஒருத்தர் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் அங்கே போய்ச் செய்யப்போவதும் அதுவேதான், நின்றுகொண்டு செய்வார், கறுப்பு டிசர்ட் போட்டிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். (எனக்கு அந்தச் சத்தம் ஒத்துவராது. உங்கள் கடிதம் வந்ததும் போட்டுக் கேட்டேன், மூன்றாவது பாட்டில் அமிர்தாஞ்சன் தேட வேண்டியதாகிவிட்டது. அது வேறு விஷயம்.)

அவர் ஏன் இப்படி அவசரப்படுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 1975இல் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் என்கிற பேஸ் கிடார்காரர் ஆரம்பித்த குழு இது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1958இல் பிறந்தவர், உங்கள் வீட்டுக்காரருக்கே அண்ணன் முறை ஆகிறவர். நாக்கின் பின்பக்கம் புற்றுநோய் வந்து 2015இல் சிகிச்சை முடித்து, அடுத்த வருஷமே மேடை ஏறினார். டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரைனுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. அப்படியும் விடாமல் வாசித்துப் பார்த்துவிட்டு 2024 டிசம்பரில் பிரேசிலில் சாவோ பாவுலோ கச்சேரியோடு ஊர் ஊராகப் போவதை நிறுத்திக்கொண்டார். இந்தியாவுக்கு 2007, 2008, 2009 என்று மூன்று வருஷம் தொடர்ந்து வந்தார்கள், 2008இல் பாடகரே பைலட்டாக விமானத்தை ஓட்டிவந்து மும்பையில் இறங்கினார். அப்புறம் பல வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் அவர்கள் இங்கே வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சமாதானம் சொன்னால் அது எடுபடாது, அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடமாக இருக்கும்.

பின்னே ஏன் மூன்று? கிரேட்ஃபுல் டெட் என்று ஓர் அமெரிக்கக் குழு இருந்தது, 1965இல் தொடங்கி 1995இல் அதன் கிடார்காரர் ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை ஓடியது. இன்று வாசித்த வரிசையை அவர்கள் நாளை வாசிக்க மாட்டார்கள். அதனால்தான் ஜனங்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டு மாதக்கணக்கில் அவர்கள் பின்னாலேயே வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அயர்ன் மெய்டன் அப்படி இல்லை. ஒரு சுற்றுப்பயணத்துக்கு ஒரு பட்டியல், புடாபெஸ்டில் என்னவோ அதுதான் அநேகமாகப் பாரிசிலும். 2025 மே மாதம் தொடங்கிய ஐம்பதாவது ஆண்டுச் சுற்றில் 1980 முதல் 1992 வரை வந்த ஆல்பங்களின் பாட்டுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். முதல் தடவை பிரமிப்பில் போய்விடும், இரண்டாவது தடவைதான் நிதானமாகக் கேட்பார், மூன்றாவது ஆசைக்கு. நாலிலிருந்து எட்டு வரை ஊருக்குத் திரும்பி வந்து எண்ணிக்கை சொல்வதற்குத்தான் உதவும். அதற்கு டிக்கெட்டே ஒவ்வொன்றும் நூறு யூரோவை ஒட்டி வரும், ஹோட்டலும் ரயிலும் தனி.

உடம்பு இன்னொரு காரணம். மேடைக்கு முன்னால் நாற்காலி கிடையாது, நின்றுதான் பார்க்க வேண்டும், கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்க ஆசைப்படுகிறவர்கள் காலையிலேயே வாசலில் வரிசை கட்டுவார்கள். சர்க்கரைக்காரர் அப்படி நிற்கக் கூடாது. ஒரு ஊரில் மட்டும் நிற்கிற டிக்கெட், மற்ற இரண்டில் உட்காருகிற இடம் என்று ஒப்பந்தம் போடுங்கள். அந்தக் குழுவின் ரசிகர் மன்றத்தில் உறுப்பினரானால் டிக்கெட் மற்றவர்களுக்கு முன்னால் வாங்கலாம், முன்வரிசைக்குச் சீக்கிரம் உள்ளே விடுவதற்கு உறுப்பினர்களுக்குள் குலுக்கல் போடுவதும் உண்டு, சேர்ந்துவிடச் சொல்லுங்கள். கைமாற்றி விற்கிற டிக்கெட் பக்கமே போக வேண்டாம், பல இடங்களில் பெயரைச் சரிபார்க்கிறார்கள். டிக்கெட் பெரும்பாலும் போனில்தான் இருக்கும், வாசலில் நெட் கிடைக்காமல் ஆயிரம் பேர் திண்டாடும் இடத்தில் இவரும் நிற்கக் கூடாது என்றால் ஹோட்டலிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். காதுக்கு அடைப்பான் கட்டாயம். மாத்திரைகள் டாக்டர் சீட்டோடு, கைப்பையில். நடுவில் வீடியோ கால் போட்டுக் காட்டுவார் என்று காத்திருக்காதீர்கள், போனைப் பையில் வைத்துக்கொண்டு பாருங்கள் என்று குழுவின் மேனேஜரே ரசிகர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போது வயலுக்கு வருவோம். இதில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் நாற்று, நடவு, ஆள் என்று இங்கே ஜூலை வரை மூச்சுவிட நேரம் இருக்காது, ஐரோப்பாவில் திறந்தவெளிக் கச்சேரி சீசனும் சரியாக அதே மாதங்கள்தான். முப்பது வருஷத்துக்கு மேல் மதகும் வாய்க்காலுமாக இருந்த மனுஷருக்கு இது தெரியாமல் இருக்குமா, நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்கிற தைரியம்தானே. டிக்கெட் போடுவதற்கு முன்னால் நடவு மிஷினுக்கு யார், நாற்றங்கால் யார் பொறுப்பு, முறை வைத்துத் தண்ணீர் விட்டால் ராத்திரியில் போய் மடை திருப்புவது யார் என்று ஆளைப் பேசி, கூலியை ஒதுக்கி, கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். முடியாதென்றால் இந்த ஒரு போகம் குறுவையை விட்டுவிட்டுச் சம்பா மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கச்சேரி பார்ப்பதற்கு நீங்கள் சேற்றில் நிற்பது எந்த ஊர் நியாயம்?

பணத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மாத பென்ஷன் வருகிறது, மகள் கல்யாணம் முடிந்தது, கடன் இல்லை என்கிறீர்கள். கிராஜுவிட்டியில் ஒரு பங்கை ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று உங்கள் இருவர் பெயரிலும் டெபாசிட் போட்டுவிட்டு மிச்சத்தில் போகட்டும், கடன் வாங்கியோ நகையை வைத்தோ போகக் கூடாது.

கடிதத்தைத் திரும்பப் படித்தபோது எனக்குத் தைத்தது கடைசியில் வருகிற ஒரு வரி: என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அதற்கு முன்னால் திருவையாற்றைத் தவிர வேறு ஊரே பார்த்ததில்லை என்கிறீர்கள். உங்கள் கோபம் பாட்டின் மேலும் இல்லை, முழங்காலின் மேலும் இல்லை என்று தோன்றுகிறது. இத்தனை வருஷம் கழித்து முதல் தடவையாக வீட்டில் ஒரு பெரிய பயணம் நடக்கப்போகிறது, அதில் ஒரு ஸீட்தான் போட்டிருக்கிறது. அவர் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார், உங்களுக்கு அந்தப் பாட்டுப் பிடிக்காதே என்று தானாக முடிவு கட்டியிருப்பார். கச்சேரிக்கு வர வேண்டாம், ஊர் பார்க்க வரலாமே? அவர் மைதானத்தில் நிற்கும் மூன்று சாயங்காலம் நீங்கள் ஹோட்டலில் காலை நீட்டிப் படுத்திருக்கலாம், மற்ற நாளெல்லாம் சேர்ந்து சுற்றலாம். எட்டை மூன்றாக்கினால் மிச்சமாகும் காசு உங்கள் விமானச் செலவில் பெரும்பங்கைக் கட்டிவிடும். அவர் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், நானும் வருகிறேன் என்று இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது சொல்லிவிடுங்கள். வர விருப்பமே இல்லை என்றாலும் அதைச் சொல்லுங்கள், அப்போது எட்டை மூன்றாகக் குறைக்கும் பேச்சு மட்டும் பேசினால் போதும்.

போவதென்று முடிவானால் முதலில் உங்கள் பாஸ்போர்ட். இல்லையென்றால் தஞ்சாவூர் சேவா மையத்தில் விண்ணப்பியுங்கள். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) ஆறு மாதம் முன்னால் இருந்தே மனு போடலாம், அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அந்த நாட்டுக்குப் போட வேண்டும், கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண இன்சூரன்ஸ் கேட்பார்கள். வங்கிக் கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுந்திருப்பதைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள், அதனால் பென்ஷன் ஆர்டர் நகலைச் சேர்த்து வைக்க வேண்டும். இங்கிலாந்தையும் பட்டியலில் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், அதற்கு விசா தனி, செலவும் தனி. எனக்கு யோசனை கேட்டால் இங்கிலாந்தை விட்டுவிட்டு ரயிலில் போய்வரும் தூரத்தில் இருக்கும் மூன்று ஊரைப் பிடிக்கச் சொல்வேன். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத ஹோட்டல் எதையும் போடவிடாதீர்கள்.