ஜிங் கே கதையை மூடி வைக்க முடியல

வணக்கம் மேடம், எனக்கு 31 வயசு. ஆபீஸ்ல ஒரு பெரிய கிளையன்ட் மீட்டிங், எப்பவும் என்கூட வர்ற சீனியர் அக்கா ஊருக்குப் போயிருந்தாங்க, நாலு நாள் பொறுங்க அவங்க வந்துடட்டும்னு சொன்னேன், மேனேஜர் "பயமா இருந்தா சொல்லு, வேற ஆளை அனுப்பறேன்"னுட்டார், ரோஷத்துல கிளம்பிட்டேன். கூட வந்த புதுப் பையன் அங்க போய் வாயடைச்சு நின்னுட்டான், நான் எவ்வளவோ சமாளிச்சும் ஆர்டர் போச்சு. ஆறு மாசமா சரியா தூக்கமே இல்ல. ராத்திரியெல்லாம் ஜிங் கே கதையைத்தான் படிக்கறேன். கிமு 227ல, பழைய சீனாவுல, யான் நாட்டு இளவரசர் டானுக்காக சின் நாட்டு ராஜாவைக் கொல்லப் போனவர், சுருட்டின மேப்புக்குள்ள விஷக் கத்தி, ராஜாவோட சட்டைக் கையைப் பிடிச்சுட்டார், அது கிழிஞ்சு ராஜா தப்பிச்சுட்டார். ஆறு வருஷத்துல அந்த ராஜாதான் சீனாவோட முதல் பேரரசர். தோத்த ஜிங் கேவை 2200 வருஷமா கொண்டாடறாங்க, என்னை லஞ்சுக்குக்கூட யாரும் கூப்பிடறதில்ல. எனக்குத் தைரியம் பத்தலையா மேடம்?

பதில்:

தம்பி, நீங்க அந்தக் கிழிஞ்ச சட்டைக்கிட்டயே நின்னுட்டீங்க, கொஞ்சம் முன்னாடி போய்ப் படிங்க. ஜிங் கே கிளம்பாம இருந்தது பயத்துல இல்ல, கூட்டிட்டுப் போக நினைச்ச நண்பர் தூரத்துல இருந்து இன்னும் வந்து சேரல. டானுக்குப் பொறுக்கல, மனசு மாறிடுச்சோன்னு சந்தேகம், அப்ப துணைக்குன்னு ஏற்பாடு பண்ணியிருந்த சின் வூயாங்கற ஆளை முதல்ல அனுப்பவான்னு கேட்டார், ஜிங் கே கோவத்துல கிளம்பிட்டார். அந்த வூயாங் 13 வயசுலயே கொலை பண்ணவன், அவனை ஏறிட்டுப் பார்க்கவே ஊர் பயப்படும், அரண்மனைப் படி ஏறும்போது முகம் வெளுத்து நடுங்கிட்டான். இதெல்லாம் சிமா சியான்னு அந்தக் காலத்துச் சீன வரலாற்று ஆசிரியர் விலாவாரியா எழுதி வச்சிருக்கார். உங்க லெட்டர்லயும் இதே வரிசைதான் இருக்கு, எல்லாத்தையும் எழுதிட்டுக் கடைசில தைரியம் பத்தலையான்னு கேக்கறீங்க.

இன்னொண்ணு, ஹாண்டான் ஊர்ல சூதாட்டத் தகராறுல லு கௌஜியான்னு ஒருத்தர் அதட்டினதும் ஜிங் கே ஒரு வார்த்தை பேசாம எழுந்து போயிட்டார். அன்னிக்குப் பார்த்தவங்க கோழைன்னுதான் நினைச்சிருப்பாங்க. பின்னாடி ராஜாவைக் கொல்லப் போன செய்தி கேட்டதும் அந்த லு கௌஜியானே, அந்த மனுஷனை நான் புரிஞ்சுக்கலையேன்னு வருத்தப்பட்டார்.

அந்தப் புகழுக்கு மட்டும் ஆசைப்படாதீங்கப்பா. ரகசியம் காக்கன்னு ஒருத்தர் கழுத்தை அறுத்துக்கிட்டார், ராஜாவை நம்ப வைக்க இன்னொருத்தர் தன் தலையையே குடுத்தார், டானைக் கடைசில அவங்க அப்பாவே கொல்ல வச்சார். யி ஆத்தங்கரையில எல்லாரும் வெள்ளை உடுத்தி வழியனுப்ப, போறவன் திரும்பி வர மாட்டான்னு ஜிங் கே பாடினாரே, அந்த வரி உங்களை இழுக்குதா? செத்துடலாம்னு தோணுதான்னு நேராவே கேக்கறேன். ஆமான்னா, இன்னிக்கே மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க, எந்த நேரமும் எடுப்பாங்க. தூக்கத்துக்கு டாக்டரையும் இந்த வாரமே பாருங்க.

அந்த சீனியர் அக்கா ஊர்ல இருந்து வந்து எவ்வளவோ நாள் ஆச்சே, அவங்ககிட்ட நடந்ததைப் பேசினீங்களா? லெட்டர்ல ஒரு வரிகூட இல்லையே. புதுப் பையனும் இப்ப தூங்கறானான்னு கேட்டுப் பாருங்க.