கேள்வி – பதில்: மருத்துவத் தொண்டு நிறுவனத்தில் ஆய்வுப் பயிற்சி

மருத்துவத் தொண்டு நிறுவனங்கள் உதவித்தொகையுடன் தரும் சேவை ஆய்வு இன்டர்ன்ஷிப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, இத்துறையில் இருப்பவர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

நர்சிங் முடித்திருக்கிறேன். ‘மருத்துவச் சேவை ஆய்வு’ என்பது மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையா? நான் விண்ணப்பிக்கலாமா?

ஒரு மருந்து நோயைக் குணப்படுத்துகிறதா என்று பார்ப்பது வேறு துறை. அந்த மருந்து உரிய ஆளுக்கு, உரிய நாளில், அவரால் தாங்கக்கூடிய செலவில் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் சேவை ஆய்வு. 1966-இல் மருத்துவ ஆய்வாளர் அவேடிஸ் டொனபேடியன் மருத்துவத் தரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்: என்ன இருக்கிறது (கட்டில், ஆள், கருவி), என்ன செய்யப்படுகிறது, அதனால் நோயாளிக்கு என்ன ஆனது. இன்றும் பெரும்பாலான ஆய்வுக் கேள்விகள் இந்த மூன்றில் ஒன்றுக்குள் வந்துவிடும்.

இதன் வலிமைக்கு ஓர் உதாரணம்: 1973-இல் வென்பெர்க், கிட்டல்சோன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அடுத்தடுத்த பகுதிகளை ஒப்பிட்டார்கள். டான்சில் அறுவை ஒரு பகுதியில் இன்னொன்றைவிடப் பல மடங்கு அதிகமாக நடந்திருந்தது. குழந்தைகளின் தொண்டையில் அவ்வளவு வித்தியாசம் இருக்க வாய்ப்பில்லை. வித்தியாசம் மருத்துவர்களின் வழக்கத்தில் இருந்தது. இதற்குப் புது மருந்தோ கருவியோ தேவைப்படவில்லை, இருந்த பதிவுகளை எண்ணியதே போதும்.

நீங்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஷிப்ட் முடியும் நேரத்தில் கேஸ் ஷீட்டில் எது உண்மையாக எழுதப்படுகிறது, எது ஒப்புக்கு எழுதப்படுகிறது என்பது நர்சுக்குத் தெரியும். புள்ளியியல் படித்தவருக்கு அதைக் கற்றுக்கொடுக்கவே ஒரு மாதம் ஆகும்.

விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுதினால் கவனிப்பார்கள்?

சேவை மனப்பான்மையைப் பற்றி மூன்று பத்தி எழுத வேண்டாம். வரும் கடிதங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும். நிறுவனத்தின் கடைசி ஆண்டறிக்கையை எடுத்து, அதில் இல்லாத எண் எது என்று தேடுங்கள். இத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் கண்டறிந்தோம் என்று இருக்கும். அவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள் என்று பெரும்பாலும் இருக்காது. அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம், எந்தப் பதிவேடு வேண்டும் என்று ஐந்தாறு வரி எழுதுங்கள். கூடவே நீங்களே செய்த ஒரு வேலை மாதிரி: இரண்டு பக்கம், ஓர் அட்டவணை, அதில் விடுபட்ட தரவு எத்தனை என்ற குறிப்பு. அந்தக் குறிப்பு இருக்கிறதா என்றுதான் அனுபவமுள்ளவர் முதலில் பார்ப்பார்.

12 வாரப் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டேன். ‘நோயாளிகள் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்’ என்கிறார் மேற்பார்வையாளர். எங்கே தொடங்குவது?

அந்த ‘ஏன்’ ஒரு வருட வேலை. முதலில் அதைச் சுருக்குங்கள். ‘காலை கிளினிக்கில் புதிய நோயாளி ஒருவர் உள்ளே நுழைந்ததிலிருந்து மருத்துவரைப் பார்க்கும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது, அதில் எந்தக் கட்டம் அதிகம் எடுக்கிறது?’ இது 12 வாரத்தில் முடியும். சுருக்கிய கேள்வியை எழுதி, மேற்பார்வையாளரின் ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறாவது வாரத்தில் ‘அப்படியே மருந்தகத்தையும் பார்த்துவிடலாமே’ என்று ஆரம்பிப்பார்கள்.

முதல் இரண்டு நாள் கணினியைத் தொடாதீர்கள். நோட்டுப் புத்தகத்தோடு, ஒரு நோயாளி போகும் வழியிலேயே போய் நில்லுங்கள்: வாசல், பதிவு மேசை, எடை–ரத்த அழுத்தம், மருத்துவர், பரிசோதனைக் கூடம், மருந்தகம். ஒவ்வோர் இடத்திலும் நேரத்தை யார் எழுதுகிறார், எதைப் பார்த்து எழுதுகிறார், அப்போதே எழுதுகிறாரா, கூட்டம் குறைந்தபின் மொத்தமாக எழுதுகிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் 9.00, 9.00, 9.15, 9.15, 9.30 என்று இருந்தால் அது கடிகாரம் சொன்ன நேரம் இல்லை, குத்துமதிப்பு. கணினியில் ‘வருகை நேரம்’ என்று இருப்பது பெரும்பாலும் பதிவாளர் அந்தப் பக்கத்தைத் திறந்த நேரமாகவே இருக்கும். அதற்கு முன் வரிசையில் நின்ற முக்கால் மணி நேரம் எந்தக் கோப்பிலும் இருக்காது. அதைப் பிடிக்க ஒரே வழி, வாசலிலேயே நேரம் எழுதிய சீட்டைக் கொடுத்து, கடைசி மேசையில் திரும்ப வாங்குவது.

சரிபார்க்க ஓர் எளிய கணக்கு உண்டு, லிட்டில் விதி என்பார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைச் சராசரிக் காத்திருப்பால் பெருக்கினால், சராசரியாக ஒரு சமயத்தில் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று வரும். மணிக்கு 24 பேர், ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு என்றால் 36 பேர். கூடத்தில் எப்போது எண்ணினாலும் 70 நோயாளிகள் இருந்தால் உங்கள் நேரத் தரவில் ஓட்டை இருக்கிறது. (துணைக்கு வந்தவர்களையும் சேர்த்து எண்ணிவிட்டுக் கலவரப்பட வேண்டாம்.)

முடிவைச் சொல்லும்போது சராசரியை மட்டும் தராதீர்கள். பத்துப் பேர் காத்திருந்த நிமிடங்கள் 20, 25, 30, 35, 40, 45, 50, 60, 95, 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 70. ஆனால் பத்தில் எட்டுப் பேர் அதைவிடக் குறைவாகத்தான் காத்திருந்தார்கள். நடு அளவான மீடியன் 42.5. இரண்டையும் கொடுங்கள். பிறகு அந்த 300-ஐத் தேடிப் போங்கள். ஒன்று எழுத்துப் பிழையாக இருக்கும், இல்லையென்றால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தவராக இருப்பார். இரண்டாவது என்றால் உங்கள் ஆய்வின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது.

பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து தகவல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 300 கோப்புகள். எவ்வளவு நாள் ஒதுக்குவது? எதில் தவறு வரும்?

ஒரு கோப்புக்கு 12 முதல் 15 நிமிடம் ஆகும் என்று வையுங்கள். கண் களைக்காமல் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் செய்யலாம். அப்படியென்றால் நாளுக்கு 20–25 கோப்பு, மொத்தம் 12 முதல் 15 வேலை நாள். கிடைக்காத கோப்புகளைத் தேடும் நேரம் இதில் சேரவில்லை. கிடைக்காதவற்றை ‘விட்டுவிட்டு அடுத்தது’ என்று தாண்டுவதுதான் பெரிய தவறு. இறந்தவர், வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர், வழக்கில் இருப்பவர் ஆகியோரின் கோப்புகளே அதிகம் காணாமல் போகும். மிச்சத்தை மட்டும் எண்ணினால் சிகிச்சை உள்ளதைவிடப் பிரமாதமாகத் தெரியும். எத்தனை தேடினோம், எத்தனை கிடைத்தது, கிடைக்காதவர்கள் வயதிலோ நோயிலோ வேறுபட்டவர்களா என்று தனியாக எழுதி வையுங்கள்.

தகவல் எடுக்கும் படிவத்தை 15 கோப்புகளில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். ‘எழுதப்படவில்லை’, ‘இல்லை என்று எழுதப்பட்டிருக்கிறது’ இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு வேண்டும். விடுபட்ட வயதுக்கு 99 என்று போட்டால் கடைசியில் 99 வயதுக் கிழவர்கள் முளைப்பார்கள். ஆறு மாதக் குழந்தையின் வயது ‘6’ என்று ஏறிவிடும். எக்செலில் 00417 என்ற நோயாளி எண் 417 ஆகும். 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்பது அந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. நோயாளி எண், தேதி உள்ள கட்டங்களைத் தரவு ஏற்றும் முன்பே எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள், தேதியை ஆண்டு–மாதம்–நாள் என்றே எழுதுங்கள்.

பத்தில் ஒரு கோப்பை இன்னொருவர் உங்கள் விடையைப் பார்க்காமல் திரும்ப எடுக்கட்டும். ஒத்துப்போகும் சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். 100 கோப்பில் ‘அடுத்த வருகை பற்றிச் சொல்லப்பட்டதா?’ என்பதற்கு இருவரும் 80-இல் ஆம், 6-இல் இல்லை என்கிறீர்கள். மீதி 14-இல் ஒருவர் ஆம் என்றால் மற்றவர் இல்லை என்கிறார், ஆளுக்கு 7 ஆம். ஒற்றுமை 86 சதவீதம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான விடை ‘ஆம்’ என்பதால் தற்செயலாகவே 77 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். அதைக் கழித்துக் கணக்கிடும் கப்பா அளவு (முழு ஒற்றுமை என்றால் 1) 0.38-தான். கேள்வி இருவருக்கும் இரண்டு விதமாகப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். வரையறையைத் திருத்தி மறுபடி எடுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் பதிவுகள்தானே, நெறிமுறைக் குழு (ஆய்வில் நோயாளிகளின் உரிமை காக்கப்படுகிறதா என்று பார்க்கும் குழு) அனுமதி எதற்கு?

தேவையில்லை என்று இருக்கலாம். அதை நீங்களோ மேற்பார்வையாளரோ முடிவுசெய்ய முடியாது, குழு எழுத்தில் தர வேண்டும். பல குழுக்கள் மாதம் ஒரு முறைதான் கூடும். ஒரு தேதியைத் தவறவிட்டால் 12 வாரத்தில் நான்கு போய்விடும். ஆகவே சேரும் முன்பே கேளுங்கள்: ‘இந்த ஆய்வுக்கு அனுமதி கையில் இருக்கிறதா? அதில் என் பெயரைச் சேர்க்க வேண்டுமா?’

பெயர், தொலைபேசி எண் இரண்டையும் நீக்கினால் மட்டும் அடையாளம் போய்விடாது. சிறிய ஊர், அரிய நோய், 17 வயது, மூன்றும் ஒரே வரிசையில் இருந்தால் அந்த ஊர்க்காரர் ஆளைச் சொல்லிவிடுவார். பிறந்த தேதிக்குப் பதில் வயது வைக்கலாம், ஊருக்குப் பதில் பெரிய பகுதி. அட்டவணையில் ஐந்துக்கும் குறைவான எண்களை மறைப்பது வழக்கம். நோயாளி எண்ணையும் ஆய்வு எண்ணையும் இணைக்கும் பட்டியல் நிறுவனத்திலேயே இருக்கட்டும், உங்கள் மடிக்கணினியில் வேண்டாம். பதிவேட்டுப் பக்கத்தை உங்கள் போனில் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். அது தானாக இணையச் சேமிப்பகத்துக்குப் போய்விடும், பிறகு எங்கெல்லாம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

எல்லா ஆய்விலும் மாதிரி (ஆய்வுக்கு எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கை) 384 என்கிறார்களே?

பாதிப் பேரிடம் ஒரு விஷயம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, 95 சதவீத நம்பகத்தோடு, 5 சதவீதம் முன்பின் துல்லியமாக அளக்க வேண்டுமானால் 384 வரும். துல்லியம் 7 சதவீதம் போதும் என்றால் 196. கிளினிக்குக்கு வருபவர்கள் மொத்தமே 500 பேர் என்றால், 5 சதவீதத் துல்லியத்துக்கும் 218 போதும். இரண்டு குழுக்களை ஒப்பிடும் கேள்விக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது. யாரோ எழுதியதைப் பார்த்து எழுதினால் நேர்காணலிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

உதவித்தொகை உண்டு என்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

தொகையை விட, அது எப்போது வரும் என்பது முக்கியம். ‘அறிக்கை கொடுத்தபின் மொத்தமாக’ என்றால் மூன்று மாதம் நீங்கள்தான் நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கிறீர்கள். சிறிய நிறுவனங்களில் இந்தப் பணம் ஏதாவது ஒரு திட்ட நிதியிலிருந்து வரும். அடுத்த தவணை தாமதமானால் முதலில் நிற்பது பயிற்சியாளரின் தொகைதான். எந்தக் கணக்கிலிருந்து, மாதத்தின் எந்தத் தேதியில் என்று கேட்பதில் தவறில்லை. களப் பயணச் செலவு தொகைக்குள்ளா வெளியிலா? பேட்டிகளை எழுத்தாக்குவது யார்? ஒரு மணி நேரப் பேட்டியைத் தட்டச்சு செய்ய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும், 20 பேட்டி என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். வார்டுக்குள் போவதானால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, விபத்துக் காப்பீடு இரண்டையும் கேளுங்கள். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

கட்டுரை வெளியானால் என் பெயர் வருமா?

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு. நான்கும் சேர வேண்டும். தரவு திரட்டியதோடு நின்றால் நன்றி நவிலும் பகுதியில்தான் பெயர் வரும். ஆனால் முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு எழுதும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. எனவே பத்தாவது வாரம் வருவதற்குள் ‘ஆய்வு முறை’ பகுதியை நீங்களே எழுதித் தாருங்கள். எத்தனை கோப்பு கிடைக்கவில்லை, நேரத்தை யார் எங்கே எழுதினார் என்பதெல்லாம் உங்களைத் தவிர வேறு யாருக்கும் சரியாகத் தெரியாது.