வாசகர் கேள்வி – பதில்: 74 கிலோவில் நின்றுபோன எடை

கேள்வி: எனக்கு வயது 43. தைராய்டு குறைபாட்டுக்காகப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துவருகிறேன். இரவில் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறி, காலையில் கோட்டைப் பக்கம் நடந்து, ஐந்து மாதங்களில் 82 கிலோவிலிருந்து 74 கிலோவுக்கு வந்தேன். அதன் பிறகு இரண்டு மாதங்களாக ஒரு கிலோகூடக் குறையவில்லை. எடை குறைய குடம்புளி கேப்சூல், முடி உதிராமலிருக்க பயோட்டின், எலும்புக்குக் கால்சியம் ஆகியவற்றைக் காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்கிவிடுகிறேன். சென்ற பரிசோதனையில் தைராய்டு அளவு கூடுதலாகத் தெரிந்ததால் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். இனி குடம்புளி கேப்சூலை இரண்டாக்கலாமா?
– வாசகி, வேலூர்

பதில்: வேண்டாம், சகோதரி. அந்தக் கேப்சூலை இரண்டாக்குவதற்கு மாறாக, ஒன்றையும் நிறுத்திவிடுங்கள் என்றே சொல்வேன். குழம்பில் புளிப்புக்காகச் சேர்க்கும் குடம்புளி வேறு, அதன் அமிலத்தைச் செறிவாக்கி அடைத்த கேப்சூல் வேறு. இதனால் எடை குறைவது மிகச் சொற்பம் என்பதே ஆய்வுகளில் தெரிந்தது. அதே சமயம் இத்தகைய கேப்சூல்களை எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பெட்டியில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரிப்பாளருக்கு உரிமம் உண்டு என்பதைத்தான் காட்டும். எடை குறையும் என்பதற்கு அது சான்றாகாது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, காரணமில்லாத சோர்வும் வாந்தியுணர்வும் இருந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்தது வேறொரு செய்தி. தைராய்டு மாத்திரையும் கால்சியமும் வயிற்றில் ஒன்றாகச் சேர்ந்தால், கால்சியம் அந்த மருந்தைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாமல் தடுத்துவிடும். இரும்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான். ஆகையால் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்து, காப்பிக்கும் சிற்றுண்டிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இடைவெளி விட்டு, கால்சியத்தைக் குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து, மதிய உணவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பயோட்டின் வேறு வகையில் ஏமாற்றும். உடலுக்கு ஒரு நாளைக்குச் சில பத்து மைக்ரோகிராம் போதும். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளிலோ 5 அல்லது 10 மில்லிகிராம்கூட இருக்கும். அந்த அளவில் எடுத்தால் சில பரிசோதனை முறைகளில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோன் பொய்யாகக் கூடியும் தெரியும். உங்களுக்கு அளவு கூடுதலாகத் தெரிந்தது இதனால்தானோ, அதை நம்பி மருந்து குறைக்கப்பட்டதோ என்ற ஐயம் எனக்கு வலுவாக இருக்கிறது. நீங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம்; பயோட்டினை நிறுத்தி, குறைந்தது இரண்டு நாள் கழித்து மறுபரிசோதனை செய்யுங்கள்.

தைராய்டு சரியானாலும் எடை தானாக இறங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். 8 கிலோ குறைந்த உடலுக்கு, சும்மா இருக்கும்போதே நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கலோரி குறைவாகப் போதும். அதே தூரத்தை நடப்பதற்கும் முன்பைவிடக் குறைவாகவே செலவாகும். உடம்பு இளைத்துவிட்டது, தட்டு மட்டும் பழைய தட்டாகவே இருக்கிறது. சோறு போன இடத்தில் என்ன வந்தது என்று பாருங்கள். சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள நம் ஊர் முள்ளுக் கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கும்போது, வாணலியில் ஊற்றியது கண்ணெதிரே காணாமல் போகும். காய்ந்துவிட்டதே என்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவோம். வெந்து குழைந்த பிறகுதான் அத்தனையும் கசிந்து வெளியே வரும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி. ஒரு வாரம் மட்டும், எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றி, அளவைக் குறித்துவையுங்கள். உங்கள் தேக்கத்தின் ஒரு பங்காவது அந்தக் குறிப்பில் தெரியக்கூடும்.

நடையை விட வேண்டாம். அதனுடன் வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிறைத்த பாட்டில்களைக் கையில் தூக்கி இறக்குவது போன்ற தசைப் பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைவதை இது குறைக்கும். முட்டை, சுண்டல், பருப்பு ஆகியவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும்.

மறுபரிசோதனை முடிவு வந்ததும் பழைய முடிவையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று டப்பாக்களையும் கையோடு எடுத்துச் சென்று, எதை எந்த நேரத்தில் விழுங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.