அம்மாவின் கையெழுத்தைப் பச்சை குத்தும்போது: சுழியும் புள்ளியும் அடைபடாமல் காப்பது எப்படி?

கேள்வி: மறைந்த என் அம்மா எழுதிய கடிதம் ஒன்றில் "கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு" என்று ஒரு வரி இருக்கிறது. அதை அவர் கையெழுத்திலேயே மணிக்கட்டின் உட்புறம் பச்சை குத்திக்கொள்ள விரும்புகிறேன். ஒரு டாட்டூ ஸ்டுடியோவில் 6 செ.மீ. நீளத்தில், ஒரே வரியாக, மெல்லிய கோட்டில் செய்துவிடலாம் என்கிறார்கள். இன்னொரு கலைஞர் அந்த அளவில் செய்யவே மறுத்துவிட்டார். முன்கையில் பெரிதாகப் போட்டால்தான் நிற்கும் என்கிறார். எனக்குக் கறுத்த மாநிறம். யார் சொல்வதை ஏற்பது?

பதில்: மறுத்தவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்குத் தேவையான கணக்கை அவர் போட்டுப் பார்த்திருக்கிறார்.

அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். உங்கள் வரியில் 14 எழுத்துகள். 6 செ.மீ. நீளத்தில், சொற்களுக்கு நடுவே விடும் இடத்தைக் கழித்தால், ஓர் எழுத்துக்கு 4 மி.மீ. அகலம்கூடத் தேறாது. உயரம் 3 மி.மீ. அளவில் நிற்கும். அப்போது 'ண'வின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. குத்தி முடித்த அன்று எடுக்கும் புகைப்படத்தில் அது அழகாகத்தான் இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது.

ஊசி மையை மேல்தோலுக்குக் கீழே, 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில் உள்ள உட்தோலில் கொண்டுபோய் வைக்கிறது. மேல்தோல் சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. உட்தோல் அப்படி உதிராது. அங்குள்ள மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கு செல்கள் மைத் துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் சாகும்போது வெளிவரும் துகளை அருகில் இருக்கும் அடுத்த செல் வாங்கிக்கொள்கிறது. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். பச்சை நிலைத்து நிற்பது இந்தக் கைமாற்றத்தால்தான். என்றாலும் ஆண்டுகள் போகப்போகக் கோட்டின் ஓரம் கலைந்து அகலும். எவ்வளவு அகலும் என்பது கலைஞரின் கை, உங்கள் தோல், வெயில் மூன்றையும் பொறுத்தது. திட்டமிடும்போது 'இரு மடங்கு' என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அரை மில்லிமீட்டர் கோடு ஒரு மில்லிமீட்டர் ஆனால், ஒவ்வொரு பக்கமும் கால் மில்லிமீட்டர் உள்ளே வரும். 1 மி.மீ. அகலச் சுழி அரை மில்லிமீட்டராகிக் கண்ணுக்குக் கரும்புள்ளியாகத் தெரியும். 2 மி.மீ. சுழியில் 1.5 மி.மீ. மிஞ்சும், எழுத்தும் பிழைக்கும். ஆகவே, எழுத்தில் உள்ள எந்தச் சுழிக்குள்ளும் 2 மி.மீ.க்குக் குறையாத வெறுந்தோல் இருக்கவேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ரோமன் எழுத்தைவிடத் தமிழுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். நம் எழுத்துகள் பலவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதே ஒரு சின்னச் சுழியோ வளைவோதான். உங்கள் வரியையே பாருங்கள். மூன்று சுழி 'ண'வில் ஓர் இடுக்கு அடைபட்டால் அது இரண்டு சுழி 'ன' போலத் தெரியும். 'கண்ணு' 'கன்னு' ஆகிவிடும். 'பி'யின் மேல்வளைவு முனை கீழே இறங்கி மூடிக்கொண்டால் 'பீ'. 'நே'யின் கொம்பில் இரட்டைச் சுழி இருக்கிறது. அதில் ஒன்று நிரம்பினால் 'நெ'யா 'நே'யா என்று பார்ப்பவர் தடுமாறுவார். இவற்றோடு ஐந்து புள்ளிகள். எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்ட புள்ளி புள்ளியாகவே தெரியாது, கோட்டில் விழுந்த கறை போல இருக்கும். கோடு இழுப்பதைவிடப் புள்ளி வைப்பதில்தான் கை தவறுவதும் அதிகம். ஊசி ஒரே இடத்தில் நிற்பதால் ஆழம் மீறி, மை தோலடிக் கொழுப்பில் இறங்கி, சுற்றிலும் நீல நிழல் படரும். தொழிலில் இதை 'ப்ளோஅவுட்' என்பார்கள். மணிக்கட்டின் உட்புறம் தோல் மெல்லியது, மடிப்பு ரேகைகளும் அங்கே உண்டு. ஆகவே ப்ளோஅவுட்டுக்கு ஏற்ற இடமும் அதுதான்.

மெல்லிய கோட்டு வேலையையே தவறு என்று சொல்ல வரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எதற்குப் பொருந்தும் என்பதும் தெரியும். ஒற்றை ஊசி வேலை கலிஃபோர்னியாச் சிறைகளில் மெக்சிகோ வம்சாவளி கைதிகளிடையே வளர்ந்தது. கிட்டார் கம்பியை ஊசியாகவும் கேசட் பிளேயரின் மோட்டாரை இயந்திரமாகவும் வைத்துச் செய்தார்கள். சார்லி கார்ட்ரைட்டும் ஜாக் ரூடியும் 1975-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் திறந்த 'குட் டைம் சார்லீஸ் டாட்டூலேண்ட்' அந்தப் பாணியைக் கடைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அங்கே சேர்ந்த ஃப்ரெடி நெக்ரெட்டே உருவப்படங்களில் அதை வளர்த்தார். லாஸ் ஏஞ்சலிஸ் கலைஞர் மார்க் மஹோனியின் கடையில் பயின்ற, 'டாக்டர் வூ' என்ற பெயரில் வேலை செய்யும் கலைஞர் இன்று உலகம் முழுக்க அறியப்படுவதும் இந்த மரபில்தான். இவர்கள் வேலையில் மெல்லிய கோடு தனியாக நிற்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அதைச் சுற்றி ஏராளமாக வெறுந்தோல் விட்டிருப்பார்கள், அல்லது சாம்பல் நிழல் சேர்த்து உருவத்தைத் தாங்க வைத்திருப்பார்கள். கோட்டின் மெலிவை மட்டும் எடுத்துக்கொண்டு இடைவெளியை விட்டுவிடுவதுதான் நகல் எடுப்பவர்கள் செய்யும் பிழை.

மணிப்பூரைச் சேர்ந்த டாட்டூ கலைஞர் மோ நாகாவின் அணுகுமுறை உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமானது. மோரங்கம் காலிங் என்பது அவர் இயற்பெயர். நாகா மக்களின் பழைய பச்சைகளை அப்படியே பெயர்த்து வைக்காமல், அவற்றின் இலக்கணத்தைக் கற்று, இன்றைய உடலுக்குப் புதிதாக வரைகிறார். அதற்கு 'நியோ நாகா' என்று பெயர் வைத்திருக்கிறார். கையெழுத்து டாட்டூவுக்கும் இதுவே வழி என்பது என் கருத்து. அம்மாவின் எழுத்தில் எது அவருடையது, எது காகிதமும் பேனாவும் சேர்த்தது என்று பிரித்தறிந்து, முன்னதைக் காப்பாற்றிப் பின்னதை மாற்றவேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். கடிதத்தை ஸ்டுடியோவுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து கோப்பை மட்டும் கொடுங்கள். மடிப்பு வராத வேறு பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள். இதே எழுத்துகளை அவர் வேறு இடங்களில் எப்படி எழுதினார் என்று ஒப்பிட உதவும். கலைஞர் அதை நேராகப் பெரிதாக்கினால் பேனாக் கோடும் சேர்ந்து தடித்துவிடும், அதனால் பயனில்லை. கோட்டின் நடுப்பாதையை மட்டும் தடம் எடுத்து, பெரிதாக்கி, புதிய தடிமன் கொடுக்கவேண்டும். எழுத்தின் சாய்வு, ஒரு எழுத்திலிருந்து அடுத்ததற்குப் பேனாவைத் தூக்காமல் போன இடம், 'ர'வின் காலை இழுத்த விதம், வரி மெல்ல மேலேறுவது எல்லாம் அவர் கை. அவற்றைத் தொடக்கூடாது. பந்துமுனைப் பேனா கக்கிய மைத்திட்டு, மூடிப்போன சுழி, எழுத்தோடு ஒட்டிய புள்ளி ஆகியவற்றைத் திறந்துவிடலாம். அவர் ஏதாவது புள்ளியை வைக்காமல் விட்டிருந்தால் என்ன செய்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். என்னைக் கேட்டால், விட்டதை விட்டபடியே வைப்பேன்.

எழுத்து உயரம் 8 மி.மீ. என்று வையுங்கள். 'கண்ணு,' 'நேரத்துக்குச்' 'சாப்பிடு' என மூன்று வரி. நடுவரியில் ஏழு எழுத்து, எனவே அதன் நீளம் 7 முதல் 8 செ.மீ. வரும். முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டு மடிப்பிலிருந்து நான்கு விரல் தள்ளி, இது தாராளமாக உட்காரும். வரிகளுக்கு நடுவே குறைந்தது 6 மி.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் கீழ்வரியின் புள்ளி மேல்வரியின் 'து', 'கு' கால்களில் முட்டும். புள்ளிக்கும் எழுத்துத் தலைக்கும் 2 மி.மீ.

இந்த அளவு போதுமா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். வரைந்த வடிவத்தை உண்மை அளவில் அச்சிட்டு, 1 மி.மீ. தடிமனில் கோடு விழும் பேனாவால் எல்லாக் கோட்டின் மீதும் எழுதுங்கள். புள்ளிகளையும் அழுத்தி வையுங்கள். பல ஆண்டுகள் கழித்து உங்கள் கையில் இருக்கப்போவது ஏறக்குறைய அதுதான். சுவரில் ஒட்டி, கடிதத்தைப் பார்த்திராத ஒருவரை ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த எழுத்தில் தயங்குகிறாரோ அதை மட்டும் திறந்தால் போதும்.

ஊசிகளின் பெட்டியில் '1003 ஆர்.எல்.' என்பதுபோல் எழுதியிருக்கும். 10 என்றால் ஒவ்வொரு ஊசியும் 0.30 மி.மீ., 03 என்றால் மூன்று ஊசிகள், ஆர்.எல். என்றால் கோடு இழுக்கும் வட்டக்கட்டு. 12 என்றால் 0.35 மி.மீ. உங்கள் வரிக்கு மூன்று ஊசிக் கட்டு சரியாக இருக்கும். ஒற்றை ஊசி வேண்டாம். அதில் மை இறங்குவது குறைவு, கை நடுங்கினால் தோலைக் கீறும், ஆறும்போது கோடு அங்கங்கே விட்டுப்போகும். பேனா அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டச் சாம்பல் மை கேட்க நினைத்தால், அதை எதில் கரைக்கிறார்கள் என்று கேளுங்கள். கிருமி நீக்கிய நீரைத் தவிர வேறெதுவும் கூடாது. 2011-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில், கலந்தே விற்ற சாம்பல் மையில் இருந்த மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமி பலருக்குத் தோல் தொற்றை உண்டாக்கியது. கடை சுத்தமாக இருந்தும் மை வழியே கிருமி வர முடியும்.

நிறத்தைப் பற்றி. எழுத்துக்குப் பின்னால் நீர்வண்ணம் தெளித்ததுபோல் வண்ணம் சேர்க்கச் சொல்லி உங்களிடம் ஆலோசனை வரும். நியூயார்க்கின் அமாண்டா வாச்சோப் போன்றவர்கள் கையில் அது தனிக் கலை. ஆனால் மை எப்போதும் மெலனின் என்ற நிறமி உள்ள மேல்தோலுக்குக் கீழேதான் இருக்கிறது. நிறக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் அது தெரியும். உங்கள் தோலில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் மங்கி, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தின்றுவிடும். கறுப்பு மட்டும் போதும். அந்தக் கறுப்பும் சற்றே நீலப் பச்சையாகத்தான் தெரியும், ஏனென்றால் தோல் ஒளியைச் சிதறடிக்கும்போது நீலம் கூடுதலாகத் திரும்பி வருகிறது. கரியால் குத்தியதை நம் ஊரில் 'பச்சை' என்று அழைத்ததற்குக் காரணம் இது. பாட்டிமார்களின் கையில் கோலமும் பெயரும் இன்னும் இருந்தால் உற்றுப் பாருங்கள். கோடு பரவியிருக்கும், ஆனாலும் இன்னும் படிக்க முடிகிற பெயர்களில் எழுத்து பெரிதாகவும் தள்ளித்தள்ளியும் இருப்பதைக் காண்பீர்கள். அரை நூற்றாண்டு கழித்துத் தோலில் மை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று கிடைக்காது.

கலைஞரைத் தேர்ந்தெடுக்க அவர் பக்கத்தில் உள்ள புதுப் படங்களை நம்பவேண்டாம். இரண்டு ஆண்டாவது ஆறிய எழுத்து வேலையை, உங்கள் நிறத்தோலில், காட்டச் சொல்லுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, கை சுத்தமாக இருந்தால் போதும். ஆனால் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நீங்கள் எழுதிக் காட்டவேண்டும், அப்போதுதான் கோடு சரியான திசையில் ஓடும். குத்துவதற்கு முன் வடிவத்தைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சிலை ஒட்டியதும் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணுங்கள். பிறகு எழுந்து நின்று கையை இயல்பாகத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். உள்ளங்கையைத் திருப்பும்போது முன்கைத் தோல் முறுகுவதால், மேசைமேல் நேராக இருந்த வரி நிற்கும்போது சரிந்துபோகலாம். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லத் தயங்காதீர்கள். ஒட்டியபின் 10 முதல் 15 நிமிடம் காயவிட்டால்தான் துடைக்கும்போது அழியாது. ஊசி உறை உங்கள் கண்முன் பிரிக்கப்படவேண்டும். காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்தவர் என்றாலோ, சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ, முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

வேலை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடியும். குத்திய இடத்தின்மேல் ஒட்டும் மெல்லிய பாதுகாப்புப் படலம் போட்டு அனுப்பினால், நம் வெப்பத்தில் வியர்வையும் நிணநீரும் அடியில் தேங்குகிறதா என்று பாருங்கள். ஓரம் பிரிந்து கசிந்தால் உடனே எடுத்துவிட்டு, மணமில்லாத சோப்பால் கழுவி ஒற்றி எடுங்கள். மாய்ஸ்சரைசர் மெல்லிய பூச்சாகப் போதும். மஞ்சளோ எண்ணெயோ அப்பவேண்டாம். பொருக்கைப் பிய்த்தால் மையும் கூடவே வரும். மூன்று வாரம் கடலும் நீச்சல் குளமும் இல்லை. ஆறியபின் வெயிலில் போகும்போது எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

ஆறு வாரம் கழித்து மறுபார்வைக்குப் போங்கள். ஓரிரு புள்ளி உதிர்ந்திருக்கலாம், ஒரு கோட்டில் விட்டுப்போயிருக்கலாம். அவற்றை மட்டும் தொடச் சொல்லுங்கள். "எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திவிடுகிறேன்" என்று கலைஞர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேலே மேலே இழுக்கும் ஒவ்வொரு கோடும் சுழிக்குள் விட்டுவைத்த அந்த 2 மில்லிமீட்டரைத்தான் குறைக்கும்.