இரண்டாவது கிளை திறக்கலாமா?

கேள்வி: சில ஆண்டுகளாக நான் நடத்திவரும் கடை நல்ல லாபத்தில் இயங்குகிறது. வேறொரு பகுதியில் கிளை தொடங்கும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: உங்கள் லாபக் கணக்கில், நாள் முழுவதும் கடையில் நிற்கும் உங்கள் உழைப்புக்கான சம்பளத்தைச் செலவாக எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் நீங்கள் இருக்க முடியாது என்பதால் ஒரு மேலாளரை நியமித்தாக வேண்டும். அவருடைய சம்பளத்தைக் கழித்த பின்னரும் முதல் கடையில் லாபம் மிஞ்சுகிறதா என்பதே அடிப்படைக் கேள்வி. கிளையைப் பற்றி யோசிப்பதற்கு முன், பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு மாதம் ஒதுங்கியிருந்து பாருங்கள். கொள்முதல் தடையின்றி நடந்ததா, கடன் பாக்கி வசூலானதா, இரவில் கல்லாவில் இருந்த பணமும் பில் தொகையும் ஒத்துப்போயினவா என்பவை தெளிவாகத் தெரிந்துவிடும்.

அடுத்து, புதிய இடத்தின் வாடகை, சம்பளம், மின்கட்டணம் போன்ற மாதாந்திர நிலைச் செலவுகளைக் கூட்டுங்கள். 100 ரூபாய் விற்பனையில் கொள்முதல் விலை போக 25 ரூபாய் மிஞ்சும் தொழில் என்றால், நஷ்டம் வராமல் இருப்பதற்கே அந்தச் செலவைப்போல் 4 மடங்கு விற்பனை தேவை. அந்த நிலையை எட்டும்வரை ஏற்படும் பற்றாக்குறையைத் தாங்கும் பணம் தனியாக இருக்க வேண்டும். முதல் கடையின் சரக்குப் பணத்திலிருந்து எடுத்து ஈடுகட்டினால் இரண்டுமே தள்ளாடும் என்பதுதான் என் பெரிய கவலை.

இடம் மிக அருகில் அமைந்தால், பழைய வாடிக்கையாளர்களே இரண்டாகப் பிரிவார்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இடையில் காலி செய்ய அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.