சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் இருப்பவருக்குப் பல்வலி. ஊருக்கு வந்து காட்டும்வரை மாத்திரையில் ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது. தம்பிக்காகக் கேட்கிறீர்களோ, வீட்டுக்காரருக்காகக் கேட்கிறீர்களோ தெரியாது. லீவுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கும்; அங்கே செலவு அதிகம், இங்கே வந்தால் கம்மியில் முடியும் என்று வீட்டில் பேசியிருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள்.

நான் கம்பி கட்டும் வேலையில் இருந்தேன். கீழ்க் கடைவாய்ப் பல். பகலில் வேலை மும்முரத்தில் தெரியாது. டார்மிட்டரிக்கு (தொழிலாளர் விடுதி) வந்து படுத்தால் காது, நெற்றிப்பொட்டு, தாடை எல்லாம் சேர்ந்து இடிக்கும். சூப்பர்வைசர் நம்ம மன்னார்குடிப் பக்கத்து அண்ணன்தான். "ரெண்டு பானடால் போட்டுட்டு வாடா, பல்லுக்கெல்லாம் யாராச்சும் லீவு கேப்பாங்களா" என்றார். பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, மாத்திரை தீர்ந்ததும் திரும்ப வந்தது. வரத்தான் செய்யும். மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பல்லுக்குள் செத்துப்போன நரம்புக்கு ரத்த ஓட்டமே கிடையாது. வேர் சிகிச்சை செய்யணும், இல்லையென்றால் பிடுங்கணும்.

2022 ஏப்ரலிலிருந்து கட்டுமானம், கப்பல் பட்டறை ஆட்களுக்கும் டார்மிட்டரியில் தங்குகிறவர்களுக்கும் பிசிபி (Primary Care Plan) என்று ஒரு மருத்துவத் திட்டம் இருக்கிறது. அது காய்ச்சல், சளி, பிரஷர், சுகர் பார்க்கும் பொது டாக்டருக்கானது. கம்பெனி எடுக்கும் இன்சூரன்ஸை 2023 ஜூலையில் வருடத்துக்கு 60,000 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) உயர்த்தினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால், ஆபரேஷன் என்றால். பல்லோடு போகும்போதே பார்க்கக் காசில்லை, சீழ் கழுத்துக்கு இறங்கிப் படுத்தபிறகு காப்பீடு என்றால் அது யாருக்கு லாபம்? சிங்கப்பூரைக் குறை சொல்கிறான் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். என் தங்கை கல்யாணம் அந்தக் காசில்தான் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பல் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சீனர். உதவிக்கு இருந்த மலேசியத் தமிழ் அக்கா ஒவ்வொன்றாகத் தமிழில் எடுத்துச் சொன்னார். வேர் சிகிச்சைக்கு என் அடிப்படைச் சம்பளம் மொத்தமும் பற்றாது. "தம்பி, பிடுங்கினா திரும்ப முளைக்காது, யோசிச்சுச் சொல்லு" என்று அந்த அக்கா சொல்லியும் பிடுங்கத்தான் சொன்னேன். எனக்கு அன்றைக்கு அதுதான் சரி. "பல்லைக் காப்பாத்தியிருக்கலாமே" என்பவர்கள் அந்தச் சம்பளத்தில் ஊருக்கும் அனுப்பிவிட்டு அங்கே இருந்து பார்க்கட்டும்.

டாக்டர் எம்சி (விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழ்) கொடுத்தார். பல் டாக்டர் எம்சி செல்லாது என்று சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். இதை உங்கள் ஆளிடம் அவசியம் சொல்லுங்கள்: செல்லும். பதிவு பெற்ற பல் மருத்துவர் கொடுப்பதும் எம்சிதான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆனவருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்கணும், அவ்வளவுதான். நான் வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் போட்டிருந்தேன். மனிதவள அமைச்சின் தளத்தில் இருக்கும் விதியைக் காட்டினேன், பிடித்த காசு வந்தது. வாயால் சொல்லியிருந்தால் ஒரு வெள்ளி வந்திருக்காது.

காசு இல்லையென்றால் ஹெல்த்சர்வ் இருக்கிறது. 2006-லிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக நடக்கும் தொண்டு நிறுவனம், பல்லும் பார்க்கிறார்கள்.

இங்கே வந்தால் கம்மி என்கிறீர்களே, அதையும் சொல்கிறேன். லீவில் வந்தபோது பக்கத்துப் பல்லை அடைக்க நம்மூர் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். எங்கே வேலை என்று கேட்டார்கள், சொன்னேன். என் சித்தப்பா மகனுக்கு அதே வேலைக்கு வாங்கியதைப்போல இரண்டு பங்கு கேட்டார்கள். மேஸ்திரி, ஆட்டோ, பந்தல்காரர் எல்லாரிடமும் இதே கதைதான். வெளிநாட்டில் வெயிலில் நிற்பவன் பணத்துக்கு மட்டும் ஏன் தனி விலை? இதைப் பற்றி யாராவது தனியாகக் கேள்வி போடுங்கள், நிறைய எழுத இருக்கிறது.

உங்கள் ஆளுக்கு முகம் வீங்கி, காய்ச்சலடித்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியவில்லை என்றால் கம்பெனியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். நேரே அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. மூச்சு திணறினால் ஆம்புலன்ஸுக்கு 995.